பிறேம் இலக்கம் எங்கே, ஐயா?

"லுமாலா சைக்கிள் விற்பனைக்கு. நல்ல கொண்டிசன். அவசர விற்பனை. விலை பேசித் தீர்க்கலாம்."

இணைய விளம்பரப் பக்கங்களிலும் முகநூற் குழுக்களிலும் இத்தகைய வரிகளை நாள்தோறும் காண்கின்றோம். யாழ்ப்பாணம், திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறும். கீழே ஒரு படம் இருக்கும். படத்தில் ஒரு சைக்கிள் யாரோ ஒருவருடைய மதிலிற் சாய்ந்து நிற்கும். விற்பவரின் பெயர் ஒரு நடிகரின் பெயராகவோ ஒரு பூவின் பெயராகவோ இருக்கும். எழுத்துப் பிழைகள் ஏராளமாக இருக்கும். இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை ஒன்று உண்டு. அந்தச் சைக்கிளின் பிறேம் இலக்கம் அங்கே இராது. அதைவிடப் பெரிய குறை, அதனை எவரும் கேட்பதில்லை என்பது.

நான் இங்கே சொல்லவந்தது ஒன்றே ஒன்றுதான். பிறேம் இலக்கத்தையும் விற்பவரின் அடையாளத்தையும் கேளாமல் இணையத்தில் பழைய சைக்கிள் வாங்குபவர், மலிவாகப் பொருள் வாங்கியதாக நினைத்து மகிழ்கிறார். உண்மையில் அவர் அடுத்த களவுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார். இது கடுமையான சொல் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். கடுமையாகச் சொல்லவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் கருத்து.

சைக்கிள் என்பது எமக்கு எத்தகைய பொருள் என்பதை வெளியூரில் வாழும் இளைய தலைமுறையினருக்குச் சற்றே நினைவூட்ட வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் தடைப் பொருட்களாயின. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றெல்லாம் சைக்கிளின் தலையில் விழுந்தது. விறகும் நெல்லும் சைக்கிளில் வந்தன. நோயாளி கரியரில் இருந்து வைத்தியசாலை போனார். டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அந்தச் செய்திகளைக் கேட்டெழுதித்தான் என்னைப் போன்றவர்கள் பத்திரிகைத் தொழில் பழகினோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, வீட்டை விட்டவர்கள் சைக்கிளை விடவில்லை. ஏறி ஓட இடமில்லாத நெரிசலில், மூட்டைகளையும் குழந்தைகளையும் அதிலேற்றி உருட்டிக்கொண்டு போனார்கள். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னரும் எம்மைத் தாங்கியது அதே இரண்டு சில்லுகள்தாம்.

போர் முடிந்தபின் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. தவணைக் கட்டணத்தில் எல்லாம் வந்தன. சைக்கிள் கொட்டிலின் மூலைக்குப் போயிற்று. பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எரிபொருள் இல்லை என்று அரசு கைவிரித்தது. டொலரொன்று இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதை எட்டியது. கொட்டில் மூலையிற் கிடந்த சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். எடுப்பதற்கு இல்லாதவர்கள் பழைய சைக்கிளைத் தேடி அலைந்தார்கள். தேவை பெருகிய இடத்தில் விலை ஏறும். விலை ஏறிய இடத்தில் களவும் பெருகும். இதை அறிந்துகொள்ளப் பொருளியற் பட்டம் தேவையில்லை. என்னைப் போன்ற கலைப் பட்டதாரிக்கே விளங்கும்.

எரிபொருள் வரிசை மறைந்துவிட்டது. ஆனால் அந்த நெருக்கடியில் விரிந்த இணையச் சந்தை மறையவில்லை. மறையவேண்டிய தேவையுமில்லை. பழைய சைக்கிளை விற்பதும் வாங்குவதும் நல்ல காரியம். திருநெல்வேலியைப் போன்ற ஓரிடத்தில் அது இயல்பான காரியமுங்கூட. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள். இராமநாதன் வீதிப் பக்கமும் ஆடியபாதம் வீதிப் பக்கமும் அறை எடுத்துத் தங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே சைக்கிள் தேவைப்படுகிறது. படிப்பு முடிந்து போகிறவருக்கு அது சுமையாகிறது. ஒருவர் விற்க, மற்றவர் வாங்க, இருவருக்கும் நன்மை. இதில் எந்தத் தவறும் இல்லை.

தவறு எங்கே நுழைகிறது? முன்பு விற்றவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். அறியாவிட்டாலும் இடையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் இருந்தார். அவருக்கு ஊரிலுள்ள சைக்கிள்களை அவற்றின் நோய்களோடு தெரியும். "இது இன்னாருடைய சைக்கிளல்லவா, உன்னிடம் எப்படி வந்தது?" என்று கேட்க அவருக்கு வாயிருந்தது. பத்திரிகைக்கு விற்பனை விளம்பரம் கொண்டுவருபவரும் பெயர், முகவரி எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே காசு கட்டினார். நான் பணியாற்றிய இடங்களில் அதுதான் வழக்கம். இணையம் இந்த மூன்று காவலையும் ஒரே நாளில் அகற்றிவிட்டது. விற்பவருக்கு முகமில்லை. இடையில் ஆளில்லை. விளம்பரத்துக்குப் பொறுப்பாளி இல்லை.

இணையச் சந்தையை உருவாக்கியவர்கள் இந்த ஆபத்தை முதலிலேயே உணர்ந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1995 செப்டெம்பரில் அமெரிக்காவிலே பியர் ஒமிட்யார் என்பவர் இணையத்தில் ஓர் ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே என்று உலகறிந்த நிறுவனம் அதுதான். அதில் முதலில் விலைபோனது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுக் கருவி, 14.83 டொலருக்குப் போனது. பழுதென்று தெரிந்தே ஒருவர் வாங்கினார். நாம் வலிகாமத்தை விட்டுச் சைக்கிள் உருட்டியதற்கு ஒரு மாதம் முந்திய கதை இது. அடுத்த ஆண்டே ஒமிட்யார் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தார். விற்பவரைப் பற்றி வாங்கியவரும் வாங்கியவரைப் பற்றி விற்றவரும் எல்லோரும் பார்க்கத்தக்கதாகக் குறிப்பெழுதலாம் என்பதே அது. ஒருவரையொருவர் காணாதவர்கள் வியாபாரம் செய்வதானால், நன்மதிப்பு என்ற ஒன்று எங்காவது எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. பொய்க் குறிப்பு எழுதுவோர் அங்கும் உண்டு. ஆயினும் ஏதோ ஒரு பதிவு உண்டு. எம்மவருடைய முகநூற் குழுக்களில் என்ன உண்டு? நேற்றுப் பிறந்த ஒரு கணக்கு. நாளை மறைந்துவிடும் ஒரு தொலைபேசி இலக்கம்.

ஏலம் என்றால் வேறொரு சூழ்ச்சியும் உண்டு. விற்பவரே தன் நண்பனைக் கொண்டு விலையை ஏற்றிவிடுவது. "எனக்குப் பதினெட்டாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் இருபது தந்தால் உங்களுக்கே" என்பது இதன் யாழ்ப்பாணப் பதிப்பு. கேட்டவர் யார் என்று விசாரித்தால் அவர் விற்பவரின் மைத்துனராக இருப்பார். அல்லது இல்லாத ஆளாக இருப்பார். ஏலத்தில் விற்பவர் இரகசியமாகத் தன் ஆளைக்கொண்டு விலை கேட்கவைப்பதை மோசடியாகக் கொள்ளலாம் என்று 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் அறிந்த சூழ்ச்சியைத் திறன்பேசியில் கண்டதும் நாம் புதுமையென்று ஏமாறுகிறோம். இதற்கு மருந்து எளிது. இந்தச் சைக்கிளுக்கு இவ்வளவுதான் தருவேன் என்று முதலிலேயே ஒரு தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாவும் ஏறாதீர்கள். சந்தையில் வேறு சைக்கிள் வரும்.

பணத்தை மட்டும் இழப்பவர்களின் கதை ஒருவகை. முற்பணம் அனுப்பினால்தான் சைக்கிளை எடுத்துவைப்பேன் என்பார்கள். அனுப்பியதும் தொலைபேசி அடங்கிவிடும். இதில் அதிகம் அகப்படுபவர்கள் வெளிநாட்டிலுள்ள எம் உறவுகள். மருமகனின் படிப்புக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுப்போமென்று ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருந்தபடி படத்தைப் பார்க்கிறார்கள். உறவினரை அனுப்பிச் சைக்கிளைத் தொட்டுப் பார்க்கச் செய்வதற்குப் பொறுமையில்லை. காசு முதலிற் போகிறது, சைக்கிள் வருவதேயில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இது: படம் மட்டும் கேளாதீர்கள். அன்றைய பத்திரிகையைச் சைக்கிளின் சீற்றில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். பெடல் அச்சுப் பூட்டியிருக்கும் குழாயின் அடியிலோ சீற்றுக்குக் கீழுள்ள குழாயிலோ வெட்டப்பட்டிருக்கும் இலக்கத்தின் படத்தையும் கேளுங்கள். உண்மையாகவே கையிற் சைக்கிள் உள்ளவருக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவருக்கு இது முடியாத வேலை.

ஆனால் பணம் இழப்பவரைவிட எனக்கு அதிகம் வருத்தம் தருவது, சைக்கிள் உண்மையாகவே கைக்கு வந்துசேரும் கதை. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி முல்லைத்தீவிலிருந்து படிக்க வந்தவர். இணையத்தில் விளம்பரம் பார்த்து, சந்தியில் நின்ற ஓர் இளைஞனிடம் காசு கொடுத்துச் சைக்கிள் வாங்கினார். சீட்டு எதுவும் இல்லை. ஒன்றரை மாதம் ஓடினார். ஒருநாள் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு தாய் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய மகளின் சைக்கிள். தனியார் கல்வி நிலையத்து வாசலிற் காணாமற் போனது. கரியரில் மகளின் தகப்பன் ஒட்டவைத்த இரும்புக் கம்பி அப்படியே இருந்தது. இருவரும் அழுதார்கள். கூடியவர்கள் மாணவியைக் கள்ளி என்றார்கள். பொலிஸ் நிலையத்தில் அரைநாள் இருந்துவிட்டு அந்தப் பிள்ளை நடந்தே அறைக்குத் திரும்பினார். விற்ற இளைஞனின் கணக்கு மறைந்துவிட்டது. இந்தக் கதையில் ஏமாற்றப்பட்டவர்கள் இருவர், இருவரும் ஏழைகள். இலாபம் பெற்றவன் ஒருவன். அவன் மட்டும் அந்த இடத்தில் இல்லை.

சட்டத்தில் அந்த மாணவியின் நிலை என்ன? பொதுவிதி தெளிவானது. தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவன் விற்றால், வாங்கியவருக்கும் உரிமை வராது. எவ்வளவு காசு கொடுத்தாலும் சைக்கிள் உரியவருக்கே போகும். இதற்கு மேலும் ஒரு படி உண்டு. களவுப் பொருளென்று அறிந்து வாங்குபவரை மட்டும் தண்டனைச் சட்டக்கோவையின் 394 ஆம் பிரிவு குறிவைக்கவில்லை. அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையீனமாகப் பெற்றுக்கொள்பவரும் அதற்குள் அடங்குவார். நாற்பதாயிரம் பெறுமதியான சைக்கிளை ஒருவன் இருளில் ஒழுங்கை முடக்கில் வைத்துப் பன்னிரண்டாயிரத்துக்குத் தருகிறான். பிறேமின் அடியில் அரத்தால் தேய்த்த தடம் இருக்கிறது. அதன்மேல் புதிய வர்ணம் பூசப்பட்டிருக்கிறது. பூட்டு இருக்கிறது, திறப்பு இல்லை. இவ்வளவையும் கண்டபின் "எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வது? தெரியாதிருக்க விரும்பினேன் என்பதுதான் அதன் பொருள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்கத்தான் வேண்டும் என்பது அதன் மறுபக்கம். மாட்டைப் பற்றி இன்னொன்றும் நினைவுகூரத்தக்கது. மாடுகளுக்குக் குறிசுடுவதும், கைமாறும்போது உரிமைச் சீட்டுக் காட்டுவதும் பிரித்தானியர் காலந்தொட்டு இலங்கையில் இருந்துவந்த நடைமுறை. கள்வர் அதனால் அற்றுப்போகவில்லை. ஆயினும் களவு மாட்டை விற்பது கடினமாயிற்று. சைக்கிளுக்கோ தொழிற்சாலையே குறிசுட்டு அனுப்புகிறது. அந்தக் குறியை நாம் வாசிப்பதில்லை என்பதுதான் அவலம்.

மற்ற நாடுகள் வாசிக்கின்றன. ஜப்பானில் சைக்கிளைப் பதிவுசெய்வது 1994 முதல் சட்டக் கடமை. நெதர்லாந்தில் பழைய சைக்கிள் வாங்குபவர் பிறேம் இலக்கத்தை இணையத்தில் தட்டி, அது களவுபோனதாகப் பதியப்பட்டதா என்று நின்ற இடத்திலேயே பார்க்கலாம். பிரான்சில் 2021 முதல் கடைகள் விற்கும் சைக்கிள்களில், புதியன, பழையன இரண்டிலும், அடையாள இலக்கம் பொறித்துத் தேசியப் பதிவேட்டிற் சேர்ப்பது கட்டாயம். லா சப்பலில் சைக்கிள் வைத்திருக்கும் எம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பதிவில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ரொறன்ரோ சாட்சி. 2008 ஜூலையில் அங்கே இகோர் கென்க் என்ற பழைய சைக்கிள் வியாபாரி கைதானார். அவருடைய கடையிலிருந்தும் வாடகைக் களஞ்சியங்களிலிருந்தும் ஏறத்தாழ 3,000 சைக்கிள்கள் மீட்கப்பட்டன. பறிகொடுத்தவர்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். ஆனால் சிறு பங்குதான் உரியவர்களிடம் திரும்பியது. "அது சிவப்பு நிறம்" என்று சொன்னால் போதுமா? சிவப்பு நிறத்தில் நூறு நின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? எமது நீதிமன்றங்களின் ஏல அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். உரிமை கோரப்படாத பொருட்கள் பகிரங்க ஏலத்தில் விற்கப்படும், உரித்துடையவர்கள் ஏலத்துக்கு முன்னர் மன்றில் உரிமை கோரலாம் என்று வர்த்தமானியில் வரும். பட்டியலில் துவிச்சக்கரவண்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துவிச்சக்கரவண்டியும் யாரோ ஒரு பிள்ளையை ஏற்றிச்சென்றது. யாரோ ஒரு தொழிலாளியின் கூலிக்குக் காலாக இருந்தது. பொலிஸார் கைப்பற்றியும் அது வீடு திரும்பவில்லை. உரியவர் எவரென்று காட்டும் எழுத்து எங்கும் இல்லை. அரசாங்கம் அதனை ஏலத்தில் விற்றுக் காசைத் திறைசேரியிற் சேர்க்கிறது. உண்மையில், நன்றாகப் பத்திரம் கிடைக்கும் பழைய சைக்கிள் வேண்டுமென்பவர் போகவேண்டிய ஏலம் அதுதான். நீதிமன்றப் பற்றுச்சீட்டோடு வருகிற சைக்கிளை எவரும் சந்தையில் மறித்துப் பிடிக்கமாட்டார்கள்.

எமக்கும் பதிவு இருந்தது. சைக்கிளுக்கு உள்ளூராட்சி மன்றத்தில் ஆண்டு வரி கட்டி, சிறு தகடொன்றைப் பெற்றுப் பொருத்திய காலம் எம் தலைமுறைக்கு நினைவிருக்கும். பிரதேச சபைகளுக்கு வாகன வரி அறவிடும் அதிகாரத்தை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் வழங்கியிருக்கிறது. சைக்கிளும் அதற்குள் வரும். அந்த வரி இன்று ஒரு தேநீரின் விலைக்கும் காணாது. காணாதென்பதற்காகவே அதனைத் தேயவிட்டார்கள். வருமானம் இல்லாத வரியென்று கணக்காளர்கள் பார்த்தார்கள். அந்த வரிச்சீட்டில் உரியவரின் பெயரும் முகவரியும் இருந்தது, அதுவே அதன் பெறுமதி என்று எவரும் பார்க்கவில்லை.

"பதிவு" என்ற சொல்லைக் கேட்டதும் வாசகர்களிற் பலருக்கு வயிறு கலங்கும் என்பது எனக்குத் தெரியும். சோதனைச் சாவடிகளில் சைக்கிளை நிறுத்தி, இறங்கி நடந்து, அடையாள அட்டையை நீட்டிய மக்கள் நாம். யாருடைய பெயர் எந்தப் பட்டியலுக்குப் போகுமோ என்று அஞ்சியே வாழ்ந்தோம். அந்த அச்சத்தை நான் எள்ளிநகையாட மாட்டேன். அதனாலேயே சொல்கிறேன்: இந்தப் பதிவேடு படையிடமோ கொழும்பு அமைச்சிடமோ இருக்கத் தேவையில்லை. பிரதேச சபையின் உப அலுவலகத்தில் ஒரு கொப்பி போதும். பிறேம் இலக்கம், சைக்கிளின் வகை, உரியவரின் பெயர், திகதி. விரும்பியவர் பதியலாம். விற்கும்போது பெயர் மாற்றலாம். களவுபோனால் அந்த இலக்கத்தை மட்டும் சபை தன் பக்கத்தில் வெளியிடலாம். 2023 மார்ச்சில் கலைந்த சபைகள் இரண்டாண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமற் கிடந்தன. 2025 மே மாதத் தேர்தலின்பின் மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள் ஒரு பல்கலைக்கழகமும் ஆயிரக்கணக்கான மாணவர் சைக்கிள்களும் இருக்கின்றன. வீதி விளக்குக்கு அடிக்கல் நாட்டும் உறுப்பினர்கள் ஒரு கொப்பியும் பேனையும் வாங்கித்தந்தால் வரலாறு அவர்களை வாழ்த்தும்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். ஒன்று, போரில் எல்லாம் இழந்தவரிடம் சைக்கிளின் பற்றுச்சீட்டைக் கேட்பது நியாயமா? நியாயமில்லை; நான் கேட்கவுமில்லை. 1995 இலும் 2009 இலும் எங்கள் காகிதங்கள் எரிந்தன, நனைந்தன, பதுங்குகுழிகளில் உக்கின. ஆனால் இரும்பில் வெட்டிய இலக்கம் எரியவில்லை. பழைய பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் புதிய சீட்டு எழுதலாம். "இந்த இலக்கமுடைய சைக்கிள் எனக்குரியது, இன்னாருக்கு இன்ன திகதியில் இவ்வளவு ரூபாவுக்கு விற்றேன்" என்று எழுதி, இருவரும் அடையாள அட்டை இலக்கமிட்டு ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். ஒரு கொப்பித் தாள் போதும்.

மற்றொன்று, மலிவாகக் கிடைப்பதை ஏழை வாங்கட்டுமே, அதற்கு ஏன் தடை என்பது. இரக்கம்போலத் தோன்றும் இவ்வாதத்தில் இரக்கமே இல்லை. சைக்கிள் களவு கொடுப்பவர் யார்? காருள்ளவர் அல்லர். சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டுபோகிறவர், மேசன் கூலி, மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளை. வெளிநாட்டு அன்பர்கள் வன்னியில் தகப்பனில்லாப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வழங்குகிறார்கள். படம் எடுக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த இலக்கச் சைக்கிள் என்று எழுதிவைப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அது களவுபோனால் அந்தப் பிள்ளை மீண்டும் மைல்கணக்கில் நடக்கும். அல்லது படிப்பையே விட்டுவிடும். ஓர் ஏழையிடம் பறித்து இன்னோர் ஏழைக்கு மலிவாக விற்பதை ஏழைக்கான சேவையென்று சொல்வது வெட்கக்கேடு. அன்பளிப்புச் செய்வோர் படத்துக்கு முன் இலக்கத்தை எழுதுங்கள். பாடசாலையில் ஒரு பிரதி கொடுங்கள்.

மூன்றாவது வாதம், கள்வனைப் பிடிப்பது பொலிஸாரின் வேலை என்பது. ஆம், அவர்களின் வேலைதான். "சைக்கிள்தானே" என்று முறைப்பாட்டை எழுதாமல் அனுப்பும் அலட்சியத்தை நான் கண்டிருக்கிறேன், அது கண்டிக்கத்தக்கது. நாடாளுமன்றமும் நிகழ்நிலைக் காப்பு என்ற பெயரில் 2024 இல் ஒரு சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. அது பேச்சுக்குப் பூட்டாகும் என்ற அச்சத்தை நாட்டில் விதைத்ததேயன்றி, சைக்கிளுக்குப் பூட்டாகும் என்ற நம்பிக்கையைத் தரவில்லை. ஆயினும் இலக்கமில்லாத முறைப்பாட்டை வைத்துக்கொண்டு நேர்மையான பொலிஸ் அலுவலர்கூட என்ன செய்வார்? "கறுப்பு லுமாலா" என்று எழுதினால் யாழ்ப்பாணத்திற் பாதிச் சைக்கிளை மறிக்கவேண்டும்.

விற்பவர்களும் ஏமாறுகிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. "ஒருமுறை ஓடிப்பார்க்கிறேன்" என்று ஏறியவர் திரும்பி வராத கதைகள் உண்டு. வங்கியில் இட்டதாகப் போலிச் சீட்டின் படத்தை அனுப்பிச் சைக்கிளை எடுத்துச்செல்வோரும் உண்டு. ஆகவே வீட்டுப் படலையிலோ ஒழுங்கை முடக்கிலோ சந்திக்காதீர்கள். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், முடிந்தால் ஒரு சைக்கிள் கடை வாசலிற் சந்தியுங்கள். பார்ப்பவர் ஓடிப்பார்க்கட்டும், அவருடைய அடையாள அட்டையோ கூட வந்தவரோ உங்களோடு நிற்கட்டும். கணக்கில் பணம் விழுந்ததை உங்கள் வங்கியிலேயே உறுதிசெய்த பின் திறப்பைக் கொடுங்கள். அனுப்பியவரின் கணக்குப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். இவையெல்லாம் எம் பாட்டனார் மாடு விற்றபோது கைக்கொண்ட எச்சரிக்கைதான். கருவி புதிது, கள்வன் பழையவன்.

குழுக்களை நடத்தும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் சந்தை நடத்துகிறீர்கள். சந்தை நடத்துபவருக்குப் பொறுப்பு உண்டு. பிறேம் இலக்கத்தின் படம் இல்லாத சைக்கிள் விளம்பரத்தை அனுமதிக்கமாட்டோம் என்று ஒரு வரி விதி எழுதுங்கள். களவுபோன இலக்கங்களை ஒரு பட்டியலாக மேலே ஒட்டிவையுங்கள். நேர்மையான விற்பனையாளர் ஒருவரும் இதனால் ஓடிவிடமாட்டார். ஓடிவிடுபவர் யாரென்பதை அந்த ஓட்டமே சொல்லும். விளம்பரங்கள் குறைந்துவிடும் என்று அஞ்சுவீர்களானால், இதுவரை உங்கள் பக்கத்தை நிறைத்தவை எவை என்பதை நீங்களே யோசியுங்கள்.

சட்டம் வரட்டும், சபை விழிக்கட்டும், பொலிஸார் திருந்தட்டும். அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. இன்றைக்கே உங்கள் வீட்டுச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். அடியிலுள்ள அழுக்கை ஒரு துணியாலே துடையுங்கள். அங்கே தெரியும் இலக்கத்தை எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். நாளைக்கு ஒருவர் மலிவான சைக்கிளொன்றைக் காட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் இலக்கத்தைக் கேளுங்கள். அவர் காட்டினால் பேசுங்கள். அவர் தடுமாறினால் காசைப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். நடந்து போவதில் இழிவொன்றும் இல்லை. இன்னொருவர் பிள்ளையை நடக்கவைத்துவிட்டு அதன் சைக்கிளில் ஓடுவதில்தான் இழிவு இருக்கிறது.